ஏ-லைன் ஏறவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

அல்ட்ராசவுண்ட் பார்த்து ஏ-லைன் (இரத்த அழுத்தத்தை விடாமல் அளக்கத் தமனிக்குள் விடும் குழாய்) போடும்போது வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. ஊசியின் நுனி எங்கே இருக்கிறது என்று தெரியாமலே ஊசியை முன்னே தள்ளுகிறோம். தமனியைக் குறுக்குவெட்டில் (வட்டமாக) பார்ப்பதா, நீளவெட்டில் (நீண்ட பட்டையாக) பார்ப்பதா என்ற வாக்குவாதம் எல்லா ஐசியூவிலும் நடக்கிறது. ஆய்வுகளும் இரு பக்கமும் வந்திருக்கின்றன. கையால் நாடி பார்த்துக் குத்துவதைவிட அல்ட்ராசவுண்ட் பார்த்துக் குத்தினால் முதல் குத்திலேயே ஏறும் வாய்ப்பு கூடுகிறது என்பதில் சண்டை இல்லை. எந்த வெட்டு என்பதைவிட, அந்த வெட்டு எந்த வகையில் நம்மை ஏமாற்றும் என்று தெரிந்து வைத்திருப்பதே பெரிது.

சிங்கப்பூர் மருத்துவமனைகளில் பயிற்சி பெற்று, அனுமதியும் மேற்பார்வையும் உள்ள எம்.ஓ.க்களுக்கும் (மருத்துவ அதிகாரிகள்), பக்கத்தில் நின்று உதவும் தாதியருக்கும் எழுதியது இது. உங்கள் பிரிவின் நெறிமுறை வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

குத்துவதற்கு முன்

பாதிக் கோளாறு இங்கேயே தீரும். மேலோட்டமான உறுப்புகளுக்கான நேர்கோட்டு ப்ரோப் (தோலில் வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் முனை), 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். ஹாக்கி ஸ்டிக் ப்ரோப் இருந்தால் மணிக்கட்டுக்கு அதுவே வசதி. திரையில் ஆழம் 2 செ.மீ. போதும். முந்தைய ஆள் வயிறோ கழுத்தோ பார்த்துவிட்டு 4 செ.மீ.யிலோ அதற்கு மேலோ விட்டுவிட்டுப் போயிருப்பார். அந்த ஆழத்தில், மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் ஓடும் ரேடியல் தமனி திரையின் உச்சியில் கடுகளவு தெரியும்; அதைக் குறிவைப்பது வீண் வேலை. ஃபோகஸ் தமனியின் மட்டத்தில் இருக்கட்டும்.

மெஷினை உங்கள் கண்ணுக்கு நேர் எதிரே வையுங்கள். ஊசி, கை, திரை மூன்றும் ஒரே பார்வைக்கோட்டில் வர வேண்டும். கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்ப்பவரின் ஊசியும் அந்தப் பக்கமே சாயும். ப்ரோப்பின் ஒரு ஓரத்தை விரலால் தொட்டு, திரையில் எந்தப் பக்கம் அசைகிறது என்று பாருங்கள். இடம் வலம் மாறியிருந்தால் குத்திய பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம்.

மணிக்கட்டின் கீழே சுருட்டிய காஸ் வைத்து ஏறத்தாழ 45 பாகை பின்னோக்கி வளைத்து, உள்ளங்கையைப் பலகையோடு டேப் போட்டுவிடுங்கள். அதற்கு மேல் வளைத்தால் தமனி இழுபட்டுத் தட்டையாகிறது. வளையல், கைக்கடிகாரம், கட்டிய கயிறு எல்லாவற்றையும் முன்பே கழற்றுங்கள். கயிற்றை வெட்டுவதாக இருந்தால் குடும்பத்திடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

நோயாளி விழித்திருந்தால் சொல்ல வேண்டியதை அவர் மொழியிலேயே சொல்லுங்கள்: "ஐயா, மணிக்கட்டுல மரத்துப்போற ஊசி போடுறோம். சுருக்குன்னு எரியும். அதுக்கப்புறம் அழுத்துற மாதிரிதான் இருக்கும். கையை இறுக்காம தளர்வா விட்டுருங்க." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அவர் முஷ்டியை மடக்கினால் தசைநார்கள் விறைத்துத் தமனியைப் பக்கவாட்டில் தள்ளும். நீங்கள் குறிவைத்த இடம் மாறிவிடும்.

மரத்துப்போகச் செய்ய 1 சதவீத லிக்னோகேன் 1 மி.லி. போதும். சிரிஞ்சில் காற்றுக்குமிழி ஒன்றுகூட இருக்கக்கூடாது. தோலுக்கடியில் போன காற்று அல்ட்ராசவுண்டுக்குச் சுவர் மாதிரி. அதன் கீழே எல்லாமே நிழலாகிவிடும். தோலை 2 சதவீத குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹாலால் துடைத்து, முழுதும் காயவிடுங்கள். ப்ரோப்புக்குக் கிருமிநீக்கிய உறை, உறைக்குள்ளும் வெளியிலும் ஜெல். உறைக்குள் ஜெல் போட மறப்பது நாம் அடிக்கடி பார்க்கும் காட்சி.

எந்தக் கை என்பதை முடிவு செய்வதற்கு முன், நோயாளிக்கு டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) இருக்கிறதா, சிறுநீரகம் பழுதாகி ஃபிஸ்டுலா போடப்போகிறார்களா என்று கேளுங்கள். 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் 'போர்' அறிவித்த ஊர் இது. நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்கள் எல்லா வார்டிலும் இருக்கிறார்கள். ஃபிஸ்டுலா உள்ள கையைத் தொடக்கூடாது. ஃபிஸ்டுலா வரப்போகும் கையின் ரேடியல் தமனியையும் முடிந்தவரை காப்பாற்ற வேண்டும்.

தமனி எது என்றே தெரியவில்லை

முதலில் ப்ரோப்பின் அழுத்தத்தைக் குறையுங்கள். மணிக்கட்டில் தமனி தோலுக்கு 2 முதல் 5 மி.மீ. கீழேதான் ஓடுகிறது. இரத்த அழுத்தம் விழுந்த நோயாளியில் ப்ரோப்பின் எடையே அதை நசுக்கிவிடும். அழுத்தினால் நசுங்குவது சிரை, நசுங்காதது தமனி என்ற பாடம் ஷாக்கில் பொய்த்துப்போகும். அப்போது தமனியும் நசுங்கும். மெல்ல அழுத்தி, நசுங்கும் தறுவாயில் துடிப்பு கூடுகிறதா என்று பாருங்கள். துடித்தால் தமனி. அதன் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு ஓடும் மெல்லிய சிரைகள் துடிக்காமல் முதலிலேயே மூடிக்கொள்ளும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் கலர் டாப்ளர் (இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் வசதி). இரண்டு தவறுகள் இங்கே வழக்கம். ஒன்று, சிவப்பு என்றால் தமனி, நீலம் என்றால் சிரை என்று நினைப்பது. நிறம் காட்டுவது ப்ரோப்பை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதை மட்டும்தான். ப்ரோப்பைச் சாய்த்தால் நிறமே மாறிவிடும். இரண்டு, ப்ரோப்பைச் செங்குத்தாக வைத்துக்கொண்டே நிறம் வரவில்லை என்பது. இரத்தம் ஓடும் திசைக்கு 90 பாகையில் டாப்ளர் எதையும் பிடிக்காது. ப்ரோப்பைச் சற்றுச் சாய்த்து, வேக அளவுகோலைக் குறைத்துப் பாருங்கள்.

தமனி வட்டமாகத் தெரிகிறது, ஆனால் துடிப்பில்லை, நிறமும் ஏறவில்லை, உள்ளே சாம்பல் நிறமாக நிரம்பியிருக்கிறது என்றால் அது அடைபட்ட தமனி. மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் செய்துகொண்டவர்களில் இது வரும். பழைய குறிப்புகளைப் பாருங்கள். இதயப் பைபாஸ் செய்தவர்களில் முன்கையில் நீளமான தழும்பு இருந்தால், ரேடியல் தமனியை எடுத்தே போயிருப்பார்கள். இப்படி ரேடியல் இல்லாத கையில், பக்கத்தில் இருக்கிறதே என்று சுண்டுவிரல் பக்கத்து அல்நார் தமனியில் குத்தாதீர்கள். அந்தக் கைக்கு அது ஒன்றுதான் உயிர்நாடி.

சுவர் பளிச்சென்று வெள்ளையாக, கீழே நிழலோடு இருந்தால் கால்சியம் படிந்திருக்கிறது. முன்கையில் மேலே நகர்த்திக்கொண்டே போய்ச் சுவர் மென்மையாக இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அல்ட்ராசவுண்ட் இருப்பதன் பெரிய லாபமே இதுதான்: நாடி தட்டும் இடத்தில்தான் குத்த வேண்டும் என்ற கட்டாயம் போய்விடுகிறது. விட்டத்தையும் அளந்துவிடுங்கள். 20 கேஜ் குழாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 1.1 மி.மீ. தமனி 2 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் அந்த இடத்தில் மல்லுக்கட்டாமல் மேலேயோ மறு கையிலோ தேடுங்கள்.

குறுக்குவெட்டில் புள்ளி தமனிக்குள் தெரிகிறது, இரத்தம் வரவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. குறுக்குவெட்டில் அல்ட்ராசவுண்ட் கற்றை ஊசியை ஒரே ஒரு இடத்தில்தான் வெட்டுகிறது. அந்த வெள்ளைப் புள்ளி நுனியாகவும் இருக்கலாம், தண்டின் நடுவாகவும் இருக்கலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். புள்ளி தமனிக்கு மேலே நிற்கிறதே என்று தள்ளிக்கொண்டே போனால், நுனி எப்போதோ பின்சுவரைத் தாண்டி எலும்பில் முட்டிக்கொண்டிருக்கும்.

ஊசியை அசைக்காமல் பிடியுங்கள். ப்ரோப்பை மட்டும் முழங்கை பக்கமாக 1 அல்லது 2 மி.மீ. நகர்த்துங்கள். புள்ளி மறைந்தால் முன்பு பார்த்தது நுனி. மறையாவிட்டால் தண்டு. தண்டாக இருந்தால் ப்ரோப்பை இன்னும் நகர்த்தி, மறையும் இடத்தைக் கண்டுபிடியுங்கள், நுனி அங்கேதான். அது தமனியைத் தாண்டிப் போயிருந்தால் ஊசியை மெல்லப் பின்னே இழுத்து வாருங்கள். பின்சுவரிலிருந்து நுனி விடுபட்டு உட்குழிக்கு வரும்போது ஊசியின் பின்முனையான ஹப்பில் இரத்தம் எழும்பலாம்.

இதையே தொடக்கத்திலிருந்து முறையாகச் செய்வதுதான் நுனியைத் துரத்தும் முறை. நம் கணிப்பில், ஒருவர் ஒரே ஒரு முறையைத்தான் கற்றுக்கொள்வார் என்றால் இதைக் கற்றுக்கொள்ளட்டும். தமனியைத் திரையின் நடுவே வையுங்கள். ப்ரோப்பின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், தோலில் குத்துங்கள். எவ்வளவு தள்ளி என்பது சாதாரணக் கணக்கு. 45 பாகையில் குத்தினால் தமனியின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தள்ளி. ஆழம் 3 மி.மீ. என்றால் 3 மி.மீ. 30 பாகை என்றால் ஏறத்தாழ 5 மி.மீ. நுனி புள்ளியாகத் தெரிந்தவுடன் ஊசியை நிறுத்துங்கள். புள்ளி மறையும்வரை ப்ரோப்பை முன்னே நகர்த்துங்கள். பிறகு ப்ரோப்பை நிறுத்தி, புள்ளி மறுபடி தெரியும்வரை ஊசியைத் தள்ளுங்கள். ப்ரோப், ஊசி, ப்ரோப், ஊசி. இரண்டும் ஒரே சமயத்தில் நகரக்கூடாது. இந்த ஒழுங்கு குலைந்த கணத்தில் நீங்கள் மறுபடி குருட்டுக் குத்துக்குத் திரும்பிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நுனி முன்சுவரைத் தொடும்போது சுவர் உள்ளே குழிந்து இதய வடிவம் எடுக்கும். இங்கே இன்னொரு ஏமாற்று: குழிந்த சுவரை உள்ளே போய்விட்டதாக எண்ணிக்கொள்வது. ஊசி சுவரைத் துளைக்கவில்லை, தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. சுவர் சட்டென்று பழைய வட்டத்துக்குத் திரும்பி, கருவட்டத்தின் நடுவே வெள்ளைப் புள்ளி தனியே நிற்க வேண்டும். அதுவரை உள்ளே இல்லை. சுவர் குழிந்தே நின்றால் மெல்லத் தள்ளுவது உதவாது, பின்சுவரோடு சேர்த்து நசுங்கிவிடும். சட்டென்று 1 மி.மீ. மட்டும் தள்ளுங்கள்.

எல்லாம் சரியாகத் தெரிந்தும் இரத்தம் வராவிட்டால், ஊசிக்குள் தோல்துணுக்கோ உறைந்த இரத்தமோ அடைத்திருக்கலாம். முந்தைய குத்தில் பயன்படுத்திய ஊசி என்றால் இதையே முதலில் சந்தேகப்படுங்கள். வெளியே எடுத்து ஹெப்பரின் கலக்காத உப்புநீரால் அலசுங்கள். இல்லாவிட்டால் புதியது எடுங்கள்.

நீளவெட்டில் ஊசி முழுதும் உள்ளே இருப்பது போலத் தெரிகிறது, ஆனால் இல்லை

நீளவெட்டின் அழகு, ஊசி முழுதும் கோடாகத் தெரிவது. பின்சுவரைக் குத்தும் அபாயம் குறைவு, குழாய் வழுக்கி உள்ளே போவதையும் கண்ணால் பார்க்கலாம். அதன் சூழ்ச்சி வேறிடத்தில் இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் கற்றைக்குத் தடிமன் உண்டு. ஃபோகஸுக்கு வெளியே அந்தத் தடிமன் ரேடியல் தமனியின் 2 அல்லது 3 மி.மீ. விட்டத்துக்கு இணையாகவோ கூடுதலாகவோ போய்விடும். தமனியும், அதன் பக்கத்தில் உரசிக்கொண்டு போகும் ஊசியும் ஒரே கற்றைக்குள் விழுந்தால், திரை இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும். கண்ணுக்கு ஊசி தமனிக்குள். உண்மையில் அது வெளியே, பக்கவாட்டில்.

சோதிக்க ஒரே வழி: ஊசியை அசைக்காமல் ப்ரோப்பை 90 பாகை திருப்பிக் குறுக்குவெட்டில் பாருங்கள். புள்ளி தமனிக்கு எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று உடனே தெரியும். அதற்கேற்பத் திசை மாற்றுங்கள். திசை மாற்ற ஊசியைத் தோலின் அருகே வரை இழுக்க வேண்டும். ஆழத்தில் வைத்துக்கொண்டே வளைத்தால் ஊசிதான் வளையும், பாதை மாறாது.

தொடக்கத்தில் தமனியை நீளவெட்டில் நிறுத்தும்போது முன்சுவர், பின்சுவர் இரண்டும் மிகக் கூர்மையாகவும், விட்டம் மிக அகலமாகவும் தெரியும் இடத்தில் ப்ரோப்பை நிறுத்துங்கள். அதுவே தமனியின் நடு. விட்டம் குறைந்து தெரிந்தால் ஓரத்தை வெட்டுகிறீர்கள். ப்ரோப் பிடித்த கையின் சுண்டுவிரலை நோயாளியின் முன்கையில் ஊன்றிக்கொள்ளுங்கள். 1 மி.மீ. சறுக்கினாலும் தமனி திரையிலிருந்து போய்விடும். வளைந்து நெளிந்து ஓடும் தமனியில் நீளவெட்டு பிடிவாதமாக ஒத்துவராது. முதியவர்களில் அங்கே நேரத்தை வீணாக்காமல் குறுக்குவெட்டுக்கு மாறிவிடலாம். இரண்டுக்கும் நடுவே சாய்வெட்டு என்று ஒன்று உண்டு. தமனி முட்டை வடிவில் தெரியும், ஊசி கோடாகத் தெரியும். பழகியவர்களுக்கு நல்ல கருவி. புதியவர்களுக்கு இரண்டு வெட்டின் குழப்பமும் சேர்ந்து வரும்.

ஃப்ளாஷ் வந்தது, குழாய் நுழையவில்லை

ஹப்பில் இரத்தம் (ஃப்ளாஷ்) கண்டதும் வேலை முடிந்தது என்று எண்ணுவதுதான் காரணம். குழாயின் முனை ஊசி நுனிக்கு 1 முதல் 2 மி.மீ. பின்னால் இருக்கிறது. ஃப்ளாஷ் சொல்வது ஊசியின் சாய்முனை உள்ளே வந்தது என்பதை மட்டும்தான். குழாய் இன்னும் சுவருக்கு வெளியே நிற்கிறது. அந்த நிலையில் குழாயைத் தள்ளினால் அது முன்சுவரில் முட்டி மடங்கும், அல்லது சுவரின் அடுக்குகளுக்கு நடுவே நுழைந்து அவற்றைப் பிரிக்கும்.

ஃப்ளாஷ் வந்தவுடன் ஊசியின் வாலைத் தாழ்த்தி 10 முதல் 20 பாகைக்குக் கொண்டு வாருங்கள். திரையைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். நுனியைத் துரத்தும் முறையிலேயே புள்ளியை உட்குழியின் நடுவில் வைத்தபடி, ஊசியும் குழாயும் சேர்ந்து 5 மி.மீ.யாவது, முடிந்தால் 10 மி.மீ. தமனிக்குள் போகட்டும். பிறகு குழாயை மட்டும் விடுங்கள். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிப் போகும். ஃப்ளாஷுக்குப் பிறகும் ஸ்கேனைத் தொடர்வதுதான் தேர்ந்த கைக்கும் புதிய கைக்கும் நடுவே நாம் பார்க்கும் பெரிய வித்தியாசம். புதியவர் ப்ரோப்பை உடனே கீழே வைத்துவிடுவார்.

இரத்தம் வந்து நின்றுவிட்டது என்றால் நுனி பின்சுவரில் இருக்கிறது. இரண்டு வழி. திரையைப் பார்த்துக்கொண்டே மெல்லப் பின்னே இழுத்து நடுவுக்குக் கொண்டு வரலாம். அல்லது வேண்டுமென்றே இரு சுவர்களையும் துளைத்து, ஊசியை எடுத்துவிட்டு, குழாயைத் தட்டையாக வைத்து மெல்ல இழுத்து, இரத்தம் பீறிட்டு வரும் கணத்தில் வழிகாட்டி வயர் விட்டுக் குழாயை ஏற்றலாம். இது பழைய முறை, வேலை செய்யும் முறை. ஆனால் பின்சுவரில் ஒரு துளை மிச்சம். இரத்தம் உறையாத நோயாளியில் முதல் வழியே நல்லது.

எது நடந்தாலும், குழாய் உடலுக்குள் இருக்கும்போது எடுத்த ஊசியை அதற்குள் திரும்பச் செருகாதீர்கள். ஊசி குழாயின் சுவரைக் கிழித்து, துண்டு தமனிக்குள் போய்விடும்.

வயர் பாதியில் நிற்கிறது

1953இல் சுவீடன் நாட்டுக் கதிரியக்க மருத்துவர் ஸ்வென் இவார் செல்டிங்கர் வெளியிட்ட ஊசி, வயர், குழாய் என்ற வரிசைதான் இன்றைய கிட்டுகளுக்கும் அடிப்படை. வயர் விரல் நுனியில் கனமே தெரியாமல் போக வேண்டும். தடுத்தால் தள்ளக்கூடாது. இரத்தம் இன்னும் தாராளமாக வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் ஊசி நகர்ந்துவிட்டது. வயரை வெளியே எடுத்துவிட்டு முந்தைய பகுதிக்குப் போங்கள். வருகிறது என்றால் சாய்முனை சுவரை ஒட்டியிருக்கலாம். ஊசியின் வாலைத் தாழ்த்தி, ஊசியை 90 பாகை சுழற்றி மறுபடி முயலுங்கள். ஊசி வழியாகப் போய்ச் சில செ.மீ. தாண்டி நின்றால் வயர் பக்கக்கிளையில் போயிருக்கலாம், அல்லது தமனி அங்கே வளைகிறது. ப்ரோப்பை மேலே நகர்த்தி வயரைத் தேடுங்கள். நீளவெட்டில் பளிச்சென்று தெரியும்.

வயரை ஊசி வழியாகப் பின்னே இழுக்கும்போது சிக்கினால், இழுக்காதீர்கள். ஊசியையும் வயரையும் ஒன்றாக வெளியே எடுங்கள். சாய்முனை வயரைச் சீவிவிடும். கிட்டில் இருக்கும் வயரையே பயன்படுத்துங்கள். வேறு கிட்டின் வயர் தடிமனில் பொருந்தாது.

ஒரு குத்துக்குப் பிறகு தமனி சுருங்கிவிட்டது

தொட்ட தமனி இறுகும். சிறிய தமனி, குளிர்ந்த கை, வலி மூன்றும் சேர்ந்தால் திரையில் கண்முன்னே விட்டம் பாதியாகும். ஆபரேஷன் தியேட்டரின் ஏர்கான் குளிரில், போர்வை இல்லாமல் நீட்டி வைத்த கை இதற்குத் தானே வழிசெய்யும். கையை வெதுவெதுப்பான துணியால் சுற்றி, மரத்துப்போகும் மருந்து வேலை செய்ய நேரம் கொடுத்து, சில நிமிடம் கழித்து அளந்து பாருங்கள். தோலுக்கடியில் சிறிதளவு நைட்ரோகிளிசரின் கொடுத்துத் தமனியை விரிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. உங்கள் பிரிவு அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள்.

தமனியைச் சுற்றிக் கருப்பாகவோ சாம்பலாகவோ ஒரு வளையம் வளர்ந்தால் அது இரத்தக்கட்டு. ஊசியை எடுத்து 5 நிமிடம் கடிகாரம் பார்த்து அழுத்துங்கள். பிறகு அதே துளைக்கு அருகே குத்தாமல், 2 அல்லது 3 செ.மீ. முழங்கை பக்கமாக மேலே போங்கள். இரத்தக்கட்டுக்குக் கீழே குத்தினால் குழாய் போக வேண்டிய பாதையே நசுங்கியிருக்கும்.

இரண்டு முயற்சி தோற்றால் ஆளை மாற்றுங்கள். பதிவாளரை (மூத்த மருத்துவர்) கூப்பிடுவதில் கௌரவப் பிரச்சினை ஏதுமில்லை. ஒவ்வொரு குத்தும் தமனியை இன்னும் கெட்டதாக்கித்தான் அடுத்தவர் கையில் கொடுக்கிறது.

ஏறியது, அலை சரியில்லை

மானிட்டரில் அழுத்த அலை தட்டையாக, முனை மழுங்கி இருந்தால் சிஸ்டாலிக் (மேல் எண்) குறைவாகவும் டயஸ்டாலிக் (கீழ் எண்) கூடுதலாகவும் காட்டும். சராசரி ஓரளவு சரியாக இருக்கும். மருந்தைக் கூட்டுவதற்கு முன் குழாயைப் பாருங்கள். உப்புநீர்ப் பையை அழுத்தும் பிரஷர் பேக் 300 மி.மீ. பாதரசத்தில் நிற்கிறதா? ட்யூபில் குமிழி? த்ரீ-வே அடைப்பான் அரைகுறையாகத் திரும்பியிருக்கிறதா? டெகடெர்ம் ஒட்டுப்படலத்தின் கீழே குழாய் மடங்கியிருக்கிறதா? மணிக்கட்டை நேராக்கினால் அலை எழும்புகிறதா? இதெல்லாம் சரி என்றால் ப்ரோப்பை எடுத்துக் குழாயின் முனையைப் பாருங்கள். அது சுவரில் முட்டிக்கொண்டிருந்தால் 2 மி.மீ. பின்னே இழுத்தாலே அலை திரும்பும். ஏ-லைன் போட்ட பிறகு அல்ட்ராசவுண்டை ஏனோ யாரும் எடுப்பதில்லை.

ஃப்ளஷை (குழாயைக் கழுவும் உப்புநீரை) ஒரு நொடி திறந்து சட்டென்று விடுங்கள். சதுரமாக எழும்பி, ஓரிரு முறை துள்ளி அலைக்குத் திரும்பினால் சரி. துள்ளாமல் சரிந்து இறங்கினால் மேலே சொன்னவற்றில் ஒன்று. பல முறை துள்ளினால் எதிர்க்கோளாறு: சிஸ்டாலிக் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். நீளமான ட்யூபும் கூடுதல் நீட்டிப்புகளும் இதற்குக் காரணம். வேண்டாத நீட்டிப்பைக் கழற்றுங்கள்.

அலை அழகாக இருந்தும் எண் நம்பும்படி இல்லை என்றால் அழுத்தத்தை அளக்கும் ட்ரான்ஸ்டூசரின் மட்டத்தைப் பாருங்கள். நான்காம் விலா இடைவெளியும் நடு அக்குள் கோடும் சந்திக்கும் மட்டத்தில் இருக்க வேண்டும். 10 செ.மீ. தாழ்ந்தால் 7.5 மி.மீ. பாதரசம் கூடுதலாகக் காட்டும். கட்டிலை உயர்த்திய பிறகு மட்டத்தை மறப்பது அன்றாடம் நடப்பது.

ஃப்ளஷ் பையில் உப்புநீர்தான் என்று இரண்டு பேர் படித்துப் பாருங்கள். குளூக்கோஸ் கலந்த திரவம் மாறி மாட்டப்பட்டால், அந்த லைனில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை பொய்யாகக் கூடும். அதை நம்பி இன்சுலின் கொடுத்தால் நோயாளியின் சர்க்கரை உயிருக்கே ஆபத்தான அளவுக்கு விழும்.

விரல் வெளிறுகிறது

விரல் வெளுத்து, குளிர்ந்து, வலித்தால் காத்திருக்காதீர்கள். குழாயை எடுத்துவிட்டு, இரத்தநாள அறுவை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மணிக்கட்டுத் தமனிகளை அழுத்தி விட்டு, உள்ளங்கையின் நிறம் திரும்புகிறதா என்று பார்க்க 1929இல் எட்கர் ஆலன் சொன்ன சோதனையை முன்கூட்டியே செய்தவர்கள் அது சரியாக இருந்ததே என்பார்கள். அந்தச் சோதனை கைக்கு ஆபத்து வருமா என்று நம்பகமாகச் சொல்வதில்லை. ப்ரோப் கையில் இருக்கும்போது அல்நார் தமனியின் ஓட்டத்தை நேரடியாகப் பார்த்துவிடலாம்.

லைனில் மருந்து ஏற்றப்பட்டுவிட்டால் குழாயை எடுக்காதீர்கள். மருந்தை நிறுத்தி உடனே மூத்தவரைக் கூப்பிடுங்கள். சிகிச்சைக்கு அந்த வழியே தேவைப்படலாம். 'தமனி' என்ற சிவப்பு லேபிளும் சிவப்பு மூடியும் மருந்து ஏற்றக்கூடிய ஒவ்வொரு துளையிலும் இருந்தால் இந்த நிலை வராது.

ரேடியல் ஒத்துவரவே இல்லை

தொடைத் தமனி ஆழமானது, பெரியது. அல்ட்ராசவுண்டில் குறுக்குவெட்டில் எளிது. கவட்டைத் தசைநாருக்குக் கீழே, தமனி இரண்டாகப் பிரிவதற்கு மேலே குத்துங்கள். தசைநாருக்கு மேலே போனால் இரத்தம் வயிற்றின் பின்பக்கம் கசியும். அதை வெளியிலிருந்து அழுத்தி நிறுத்த முடியாது. ரேடியலுக்கான குட்டைக் குழாய் இங்கே நழுவி வெளியே வந்துவிடும், நீளமானதை எடுங்கள். அழுத்தத்தை உயர்த்தும் மருந்து அதிக அளவில் ஓடும் நோயாளியில் ரேடியல் எண் மையத் தமனியைவிடக் குறைவாகக் காட்டலாம் என்பதும் தொடையைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். முழங்கைத் தமனி கடைசிப் பட்சம். நடுநரம்பு ஒட்டி ஓடுகிறது, மாற்றுப்பாதையும் குறைவு. கால் மேற்புறத் தமனியில் சிஸ்டாலிக் சற்றுக் கூடுதலாகத் தெரியும்.

குழந்தைகளில் 22 அல்லது 24 கேஜ். தமனி தோலுக்கு 2 மி.மீ.க்கும் குறைவான ஆழத்தில் இருந்தால் ஊசிக்குச் சாய்வு கிடைக்க இடமே இல்லை. 2 முதல் 4 மி.மீ. ஆழம் உள்ள இடத்தை முன்கையில் தேடுங்கள். அல்லது தமனிக்கு மேலே சிறிது உப்புநீர் ஏற்றி ஆழத்தை உண்டாக்கலாம். குறுக்குவெட்டில் நுனியைத் துரத்துவதுதான் இங்கும். ப்ரோப் நகர்வு மட்டும் 1 மி.மீ.யைத் தாண்டக்கூடாது.

எடுக்கும்போது குழாயின் முழு நீளமும் வந்ததா என்று பார்த்துவிட்டு 5 நிமிடமாவது அழுத்துங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் என்றால் இன்னும் அதிக நேரம். கசிவு நின்ற பிறகே கட்டுப் போடுங்கள். விரல்களின் நிறத்தைக் கட்டுப் போட்ட பிறகும் ஒரு முறை பாருங்கள். இறுகக் கட்டிய கட்டும் தமனியை மூடிவிடும்.